போர் முடிந்து ஐம்பது வருடம் கழித்து வரும் கெட்ட கனவு

"மிலிட்டரிக்காரர் இல்லையா, அப்படித்தான் இருப்பார்."

ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் வயதான பிறகு சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாலோ, நடுராத்திரி எழுந்து கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாலோ, கூட்டம் என்றாலே ஒதுங்கிப் போனாலோ, சுற்றி இருப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தோடு விஷயத்தை முடித்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், பழைய மேனேஜரை நினைத்தால் எரிச்சல் வருகிறது என்பதற்காக "எனக்கு பி.டி.எஸ்.டி. வந்துவிட்டது" (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனக் கோளாறு அது) என்று சர்வசாதாரணமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் கூட்டம் நோயைக் குணம் என்கிறது, இரண்டாவது கூட்டம் எரிச்சலை நோய் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் அந்த எழுபது வயதுக்காரர்.

அவர் போருக்குப் போனது இருபது வயதில். தொந்தரவு பெரிதாவது எழுபதில். "இவ்வளவு நாள் நன்றாகத்தானே இருந்தார், இப்போது என்ன புதுசாக?" என்று குடும்பம் கேட்கும். நியாயமான கேள்விதான், அதற்கு ஒழுங்கான பதிலும் இருக்கிறது. மருத்துவப் படிப்பெல்லாம் வேண்டாம், பொறுமையாகப் படித்தால் போதும்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்?

உயிர் போய்விடும் என்ற நிலையில் சிக்குவது, படுகாயம் அடைவது, கண்ணெதிரே இன்னொருவர் சிதைந்து சாவதைப் பார்ப்பது. இந்த மாதிரி அனுபவத்தைத்தான் பேரதிர்ச்சி என்கிறோம். அதற்குப் பிறகு சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் சத்தம் கேட்டால் துள்ளுவதும் யாருக்கும் நடக்கும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே அடங்கியும் விடும். ஒரு மாதம் தாண்டியும் அடங்காமல், வேலையையும் உறவுகளையும் கெடுக்கிற அளவுக்கு அது நின்றுவிட்டால் அதற்குப் பெயர் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. அதன் சுருக்கம்தான் பி.டி.எஸ்.டி.

அறிகுறிகளில் எல்லாருக்கும் தெரிந்தவை கெட்ட கனவும், பழைய சம்பவம் இப்போது நடப்பதுபோலத் தோன்றுவதும். எதற்கெடுத்தாலும் உஷாராக இருப்பது, கதவைப் பார்த்தபடி மட்டுமே உட்காருவது, தூங்க முடியாமல் போவது எல்லாம் இன்னொரு வகை. அந்தச் சம்பவத்தை நினைவுபடுத்தும் பேச்சு, செய்தி, ஆட்கள், இடம் எல்லாவற்றையும் தவிர்ப்பது மூன்றாவது. நான்காவது வகையைத்தான் யாரும் கவனிப்பதில்லை: மனசு மரத்துப்போவது. பேரன் பிறந்தாலும் சந்தோஷம் வராது, நண்பன் செத்தாலும் அழுகை வராது, யாரையும் நம்பத் தோன்றாது, எல்லாவற்றுக்கும் காரணம் தானே என்ற எண்ணம் மட்டும் போகாது. வீட்டில் இதற்கு வைக்கும் பெயர் "கல் நெஞ்சு".

போருக்குப் போய் வந்த எல்லாருக்கும் இது வரும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்க வீரர்களை 1980களில் பேட்டி எடுத்துப் பெரிய ஆய்வு ஒன்று செய்தார்கள், பிறகு 2012, 2013இல் அதே ஆட்களை மறுபடி தேடிப் பிடித்துப் பேசினார்கள். போர் நடந்த இடத்தில் இருந்த ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேரிடம், நாற்பது வருடம் கழித்தும், அந்தக் கோளாறு முழுசாகவோ பாதியாகவோ இருந்தது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு எண். இடைப்பட்ட காலத்தில் அறிகுறிகள் நன்றாகக் குறைந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர்கூட இல்லை. நன்றாகக் கூடியவர்களோ சுமார் 16 பேர். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று சொல்வோமே, இவர்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு பலிக்கவில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: இது குணமல்ல, ஒரு கோளாறு. எல்லா வீரர்களுக்கும் வராது. வந்தவர்களில் பலருக்குத் தானாகப் போவதும் இல்லை.

கோழை என்ற பட்டம்

இந்தக் கோளாறு இன்றைய தலைமுறை கண்டுபிடித்த சொகுசு வியாதி என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு சின்னச் சுற்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களில், இதயத்தில் கோளாறு எதுவும் இல்லாமலே படபடப்பும் மூச்சிரைப்பும் வந்தவர்களைப் பற்றி ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இலேயே எழுதிவிட்டார். முதல் உலகப் போரின்போது, 1915இல், சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரோடு கட்டுரை வெளியிட்டார். பீரங்கிக் குண்டு வெடிக்கும் அதிர்வில் மூளையே குலுங்கிவிடுகிறது என்று ஆரம்பத்தில் நினைத்தார்கள், ஆனால் குண்டு பக்கத்திலேயே விழாதவர்களுக்கும் அதே நடுக்கம் வந்தது.

அந்தப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் தன் பக்கத்து ஆட்களையே சுட்டுக்கொன்றது. ஷெல் ஷாக்குக்காக ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போர்முனைக்குத் திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. 2006இல்தான் அப்படிச் சுடப்பட்டவர்களில் 306 பேருக்குப் பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது. அடுத்த உலகப் போரிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1943 ஆகஸ்டில் சிசிலியில் ராணுவ மருத்துவமனைகளைப் பார்வையிடப் போன அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன், உடம்பில் காயம் எதுவும் தெரியாமல் படுத்திருந்த இரண்டு வீரர்களைக் கோழைகள் என்று திட்டி அறைந்தார். பி.டி.எஸ்.டி. என்ற நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980இல், அதுவும் வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் கூக்குரலுக்குப் பிறகு.

இப்போது எண்பது, தொண்ணூறு வயதைத் தொட்டிருக்கும் வீரர்கள் இளைஞர்களாக இருந்தபோது அவர்களுக்கு வந்ததற்கு ஒரு நோய்ப்பெயர்கூடக் கிடையாது. கோழை என்ற பட்டம் மட்டும் தயாராக இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டார்கள். இன்றைக்கும் டாக்டரிடம் போனால் "தூக்கம் வரவில்லை, வயிறு சரியில்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போரைப் பற்றி டாக்டரும் கேட்க மாட்டார், இவரும் சொல்ல மாட்டார்.

பகலில் கேட்காத கடிகாரம்

சரி, ஐம்பது வருடம் கழித்து ஏன்?

கூடத்துச் சுவரில் ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. பகல் முழுக்க டிக் டிக் என்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பேச்சு, டிவி, மிக்சி, வாசலில் வண்டி என்று இத்தனைக்கும் நடுவில் அது யார் காதிலும் விழாது. ராத்திரி எல்லாம் அடங்கி விளக்கை அணைத்துப் படுத்த பிறகு பார்த்தால், அந்த ஒரு சத்தம்தான் அறை முழுக்கக் கேட்கும். கடிகாரத்தின் சத்தம் கூடிவிடவில்லை, சுற்றியிருந்த சத்தங்கள் நின்றுவிட்டன.

திரும்பி வந்த வீரர் ஒரு வேலையில் சேர்கிறார், கல்யாணம், குழந்தைகள், வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று முப்பது நாற்பது வருடம் ஓடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, பலர் வேலையில் வெறித்தனமாக இருப்பார்கள். இரண்டு ஷிப்ட் பார்ப்பார்கள், லீவு எடுக்கவே மாட்டார்கள். "எவ்வளவு உழைப்பாளி" என்று ஊரே மெச்சும். அந்த உழைப்பில் ஒரு பங்கு உழைப்பாகவே இருக்கலாம், இன்னொரு பங்கு நினைவிலிருந்து ஓடுகிற ஓட்டம். பிறகு ஒரு நாள் மாலை போட்டு, சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

இந்த உதாரணத்தை ஒரு இடத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. கடிகாரத்தை நாம் கவனிக்காமல் விட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. போர் நினைவு அப்படி இல்லை, ஒதுக்க ஒதுக்க அது பலம் கூடுகிறது. அது ஏன் என்று புரிய மூளைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

மூளைக்குள் நடப்பது

மூன்று பகுதிகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அமிக்டலா என்பது மூளையின் உள்ளே, பாதாம் பருப்பு அளவில் இருக்கும் பகுதி. ஆபத்து என்று ஏதாவது பட்டால் யோசிக்கக் காத்திருக்காமல் உடம்பை உசுப்பிவிடுவது இதன் வேலை. ஹிப்போகாம்பஸ் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சம்பவம் எங்கே, எப்போது நடந்தது என்று கோர்த்து வைப்பது இது. நெற்றிக்குப் பின்னால் இருப்பது முன்மூளைப் புறணி. "பொறு, அது வெறும் பட்டாசு" என்று அமிக்டலாவை அமர்த்துவது இதன் பொறுப்பு.

குண்டுமழைக்கு நடுவில் இருப்பவரின் உடம்பில் அட்ரினலின் பாய்கிறது. ஆபத்து நேரத்தில் இதயத்தையும் தசைகளையும் முடுக்கிவிடும் ஹார்மோன் அது. அந்த நிலையில் பதியும் நினைவு வழக்கமான நினைவைப்போல் இருக்காது. டீசல் நாற்றம், ஒரு அலறல், சேற்றின் நிறம், ஹெலிகாப்டர் இரைச்சல் என்று துண்டு துண்டாக, அதே சமயம் மிக ஆழமாகப் பதிகிறது. எங்கே, எப்போது என்ற விவரம் சரியாகச் சேராமல் போகிறது. நாம் நம் கல்யாணத்தை நினைத்தால் "அது முடிந்துபோன விஷயம்" என்ற உணர்வும் கூடவே வரும், இந்தத் துண்டுகளோடு அது வருவதில்லை. அதனால்தான் நாற்பது வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் டீசல் நாற்றம் மூக்கில் ஏறும்போது, அவருக்குப் போர் ஞாபகம் வருவதோடு நிற்காது. உடம்பே போருக்குள் போய்விடும். இப்படி நினைவைக் கிளப்பிவிடும் நாற்றம், ஒலி, காட்சி எதுவானாலும் அதைத் தூண்டி என்று சொல்கிறோம்.

இப்போது தவிர்ப்பதைப் பற்றி. டீசல் நாற்றம் பயமுறுத்தியதால் அவர் பஸ்ஸில் போவதையே விட்டுவிடுகிறார். உடனடியாக நிம்மதி. ஆனால் அந்த நாற்றம் இன்றைக்கு ஆபத்தில்லாதது என்று மூளை கற்றுக்கொள்ள இருந்த ஒரே வாய்ப்பும் போயிற்று. அடுத்த வருடம் லாரி, அதற்கடுத்து கடைத்தெரு, அப்புறம் வீட்டு வாசல். ஓடிய ஒவ்வொரு தடவையும் பயம் சரிதான் என்று முத்திரை குத்தியதுபோல் ஆகிறது.

எல்லாருடைய மூளையும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை என்பதற்கு இரட்டையர்களை வைத்துச் செய்த அழகான ஆய்வு ஒன்று இருக்கிறது. போருக்குப் போய் பி.டி.எஸ்.டி. வந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சின்னதாக இருப்பதைப் பார்த்தவர்கள், போர்தான் அதைச் சுருக்கிவிட்டது என்று நினைத்தார்கள். 2002இல் வெளியான ஆய்வில், போருக்கே போகாமல் வீட்டில் இருந்த அவர்களுடைய ஒரே கரு இரட்டையரின் மூளையையும் அளந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் சின்னதாகவே இருந்தது! அதாவது, சிலர் பிறக்கும்போதே இந்த அடியைத் தாங்கும் தெம்பு கொஞ்சம் குறைந்த மூளையோடு போர்முனைக்குப் போயிருக்கலாம். இதைக் குறை என்று சொல்ல முடியாது, உயரம் குறைவாக இருப்பதைப்போலத்தான்.

சுருக்கமாக: நினைவு தேதியில்லாமல் பதிந்திருக்கிறது, தூண்டி அதைக் கிளப்புகிறது, தவிர்ப்பது அதைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது.

வயது என்ன செய்கிறது?

ஓய்வுபெறுவது ஒரு காரணம் மட்டும்தான். மற்றவை சத்தமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன.

நினைவை அமர்த்தி வைக்கும் முன்மூளைப் புறணி, வயது ஏற ஏற மெதுவாகத் தளர்கிறது. இது எல்லா மனிதர்களுக்கும் நடப்பது. வேண்டாத எண்ணத்தைத் தள்ளிவைக்க இளைஞரால் முடிகிற அளவு முதியவரால் முடிவதில்லை. நாற்பது வருடமாக ஒரு நினைவைத் தள்ளித் தள்ளி வைத்தவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது காது, இதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு ஆச்சரியம். துப்பாக்கியும் பீரங்கியும் காதைக் கெடுத்துவிடும், வீரர்கள் பலருக்கு காதுக்குள் ஓயாத இரைச்சலும் உண்டு. அதன்மேல் வயதின் செவிட்டுத்தன்மையும் சேர்கிறது. நன்றாகக் காது கேட்பவருக்குப் பின்னால் ஒருவர் நடந்து வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். இவருக்குத் தெரியாது. மருமகள் காபியோடு வந்து பக்கத்தில் நிற்பது அவருக்குத் திடீரென்று முளைத்ததுபோல் இருக்கும், நாற்காலி பின்னால் சாயத் துள்ளி எழுவார், டம்ளர் தட்டிவிடப்படும், கையை ஓங்கிக்கூட விடுவார். அப்புறம் அரைமணி நேரம் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். வீட்டில் "கோபக்காரர்" என்று பேச்சு. சரியான காதுக்கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தால் குறையக்கூடிய கோபம் இது.

குடி மூன்றாவது. பலர் வருடக்கணக்காகத் தூக்கத்துக்காகக் குடித்திருப்பார்கள். மது, கனவு காணும் தூக்கத்தை அமுக்கிவிடும் என்பதால் அது ஒருவகையில் வேலையும் செய்திருக்கும். அறுபத்தைந்தில் கல்லீரல் கெட்டு டாக்டர் நிறுத்தச் சொல்கிறார், இவரும் வைராக்கியமாக நிறுத்துகிறார். அமுக்கி வைத்த கனவுகள் மொத்தமாகத் திரும்பி வருகின்றன. நல்ல காரியம் செய்ததற்குத் தண்டனை கிடைத்த மாதிரி ஆகிவிடுகிறது. குடியை விடவைக்கும் எந்த மருத்துவரும் இந்தச் சாத்தியத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

மனைவி இறந்துபோவது, கூடப் போரிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போவது, கை கால் விழுந்து அடுத்தவரை நம்பி இருக்க வேண்டி வருவது, எங்கோ புதிதாக ஒரு போர் தொடங்கி நாள் முழுக்க டிவியில் குண்டு வெடிப்பது எல்லாமே தூண்டிகள்தான். உதவிக்கு ஆளை எதிர்பார்த்துப் படுத்திருக்கும் நிலை, காயம்பட்டுக் கிடந்த நிலையையே நினைவுபடுத்தும்.

கடைசியாக ஒன்று, இதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதுமையில் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குப் போடுவது இயல்பு என்று ராபர்ட் பட்லர் என்ற முதியோர் மருத்துவர் 1963இலேயே எழுதினார். போருக்குப் போனவர் திரும்பிப் பார்க்கும்போது அதில் போர் இல்லாமல் இருக்குமா? வாழ்க்கை முழுக்க நன்றாக இருந்த வீரர்கள் சிலர் எழுபது வயதுக்குமேல் திடீரென்று போரைப் பற்றிப் படிக்கிறார்கள், பழைய நண்பர்களைத் தேடுகிறார்கள், கண் கலங்குகிறார்கள். பாஸ்டனில் வீரர்களிடையே பணிபுரிந்த உளவியலாளர்கள் முதலில் இதைத் தாமதமாக வரும் அழுத்த அறிகுறிகள் என்று பெயரிட்டார்கள். பிறகு அவர்களே கருத்தை விரிவாக்கி, பழைய அதிர்ச்சியை மறுபடி எடுத்து அதற்கு அர்த்தம் தேடும் முயற்சியாகவும் இது இருக்கலாம் என்றார்கள். கண்ணீரைப் பார்த்தவுடன் மாத்திரை என்று ஓட வேண்டியதில்லை. தூக்கம், சாப்பாடு, மற்றவர்களோடு பழகுவது இவை கெடாமல் இருக்கிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

இதயமும் மறதியும்

மனசு சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்று இதை ஒதுக்க முடியாது. வியட்நாம் காலத்தில் ராணுவத்தில் இருந்த இரட்டைச் சகோதரர்களைச் சுமார் 13 வருடம் கவனித்த ஆய்வு 2013இல் வெளியானது. பி.டி.எஸ்.டி. இருந்தவர்களில் நூற்றுக்கு 22.6 பேருக்கு இதயத் தமனி நோய் வந்தது, இல்லாதவர்களில் 8.9 பேருக்குத்தான். வருடக்கணக்காக உஷார் நிலையிலேயே ஓடும் உடம்புக்கு ரத்த அழுத்தமும் உள்ளே அழற்சியும் கூடுகின்றன, தூக்கம் குறைகிறது, புகையும் குடியும் சேர்கின்றன. எது எவ்வளவு காரணம் என்று தனித்தனியாகப் பிரிப்பது கஷ்டம்.

மறதிநோய், அதாவது டிமென்ஷியா, வயதான காலத்தில் நினைவும் யோசிக்கும் திறனும் படிப்படியாக அழிந்துபோகும் நிலை. 55 வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்க முன்னாள் வீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஏழு வருடம் தொடர்ந்து பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மறதிநோய் வந்தது, மற்றவர்களில் 6.6 சதவீதம். ஒன்று இன்னொன்றை உண்டாக்குகிறது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து வருவது அதிகம் என்பது மட்டும் உறுதி.

இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் பராமரிப்பவர்கள் திணறிப்போகிறார்கள். மறதிநோய் அண்மைக் கால நினைவுகளை முதலில் அழிக்கிறது. ஓய்வு, வீடு, பேரன்கள் எல்லாம் மங்கி, இருபது வயது மட்டும் பளிச்சென்று மிஞ்சுகிறது. நர்ஸ் குளிக்கவைக்க வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது அவருக்கு எதிரியின் கை தெரிகிறது, அவர் அடிக்கிறார். கேஸ் ஷீட்டில் "வன்முறையான நோயாளி" என்று எழுதிவிடுகிறார்கள். அவருடைய போர்க்கால வரலாறு தெரிந்திருந்தால் முன்னால் நின்று, பெயர் சொல்லி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொட்டிருப்பார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மயக்க மருந்து தெளியும் நேரமும் அப்படித்தான், சில வீரர்கள் சண்டைக்கு எழுந்துவிடுவார்கள். ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் போர் அனுபவத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், அவர் தயாராக இருப்பார்.

பயத்தில் சேராத இன்னொரு காயம்

சில வீரர்களை உறுத்துவது அவர்களுக்கு நேர்ந்தது இல்லை, அவர்கள் செய்தது. அல்லது செய்யாமல் விட்டது. மேலதிகாரி சொன்னார் என்று சுட்டது, தண்ணீர் கேட்டவனைத் தாண்டிப் போனது, சோதனைச் சாவடியில் நிற்காமல் வந்த காரில் குடும்பம் இருந்தது. தன் மனசாட்சிக்கு எதிரான ஒன்றைச் செய்தோ, பார்த்தோ, தடுக்க முடியாமலோ போனதால் உண்டாகும் இந்த உறுத்தலை மனசாட்சிக் காயம் என்பார்கள். வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். மேலிடத்தில் இருப்பவர்கள் செய்யும் துரோகம் வீரனை உடைப்பதையே அவர் அழுத்திச் சொன்னார்.

பயத்துக்கு "இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்பது பதில். குற்ற உணர்வுக்கு அது பதிலே ஆகாது. "போர்னா அப்படித்தான், விடுங்கள்" என்று சொன்னால் அவர் அன்றோடு வாயை மூடிக்கொள்வார். பதறாமல், தீர்ப்புச் சொல்லாமல், ஆறுதலையும் அவசரப்பட்டுக் கொட்டாமல் கேட்கும் ஒரு ஆள் கிடைப்பதுதான் தொடக்கம். பெரும்பாலும் அந்த ஆள் இன்னொரு வீரராகவோ மதகுருவாகவோ இருப்பார்.

எழுபது வயதில் சிகிச்சை வேலை செய்யுமா?

செய்யும். "இந்த வயதில் எதற்குக் கிளற வேண்டும்" என்பது அக்கறையில் சொல்லப்படும் தவறான அறிவுரை. முதியவர்களின் இதயம் தாங்காது, மனம் மாறாது என்ற இரண்டு நம்பிக்கையும் மருத்துவர்கள் சிலரிடமே இருப்பதுதான் வருத்தம்.

பலன் நிரூபிக்கப்பட்ட முறைகளில் ஒன்று, நீடித்த எதிர்கொள்ளல். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள் வரை போகும். மிக மோசமான அந்த ஒரு சம்பவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கூடவே, தவிர்த்துவந்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். ஆரம்பத்தில் சிலருக்குக் கனவு கூடும், "இதற்குத்தான் வேண்டாம் என்றேன்" என்று வீட்டில் குரல் எழும். தொடர்ந்து போனால் சம்பவத்துக்கு இதுவரை இல்லாத தொடக்கமும் முடிவும் கிடைக்கிறது, "அன்றைக்கு நடந்தது" என்று மூளை அதை ஏற்றுக்கொள்கிறது. தவிர்ப்பது நோயை வளர்க்கிறது என்று மேலே பார்த்தோமே, அதன் நேர் எதிர்த் திசையில் போகும் வைத்தியம் இது. "என்னால்தான் அவன் செத்தான்" போன்ற இறுகிய எண்ணங்களை எடுத்து, ஆதாரம் கேட்டு அலசும் முறை ஒன்றும், கண் அசைவைப் பயன்படுத்தும் முறை ஒன்றும் இருக்கின்றன. மூன்றுமே நல்ல முறைகள்தான். முற்றிய மறதிநோய் இருப்பவருக்கு இவை சரிப்படாது, அவருக்குச் சுற்றுப்புறத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மாத்திரைகளில் செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. தூக்க மாத்திரை விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பென்சோடயஸிபைன் என்பது பதற்றத்தையும் தூக்கமின்மையையும் அடக்கும் மருந்து வகை. அல்பிரசோலம், டயஸிபாம், குளோனஸிபாம் எல்லாம் இதில் வரும். அமெரிக்க முன்னாள் வீரர்கள் துறையின் சிகிச்சை வழிகாட்டியே பி.டி.எஸ்.டி.க்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. வயதானவர்களுக்கு இதோடு கீழே விழுந்து இடுப்பு உடைவதும் குழப்பமும் கூடச் சேரும். அதற்காக வருடக்கணக்காகச் சாப்பிட்டதை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மருத்துவர் துணையோடு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கெட்ட கனவுக்கு என்று பெரிதாகப் பேசப்பட்ட பிராசோசின், 2018இல் வெளியான பெரிய பரிசோதனையில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாகத் தெரியவில்லை. சிலருக்கு உதவுகிறது என்று இன்னும் தருகிறார்கள், ரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதால் முதியவர் எழுந்து நிற்கும்போது கவனம் தேவை.

தூக்கத்தில் கத்துவதும் உதைப்பதும் எல்லாமே போர்க்கனவு என்று முடிவுகட்ட வேண்டாம். மூச்சு தடைபடும் குறட்டை நோயும், பார்க்கின்சனுக்கு முன்னோடியாக வரும் ஒரு தூக்கக் கோளாறும் அப்படி இருக்கும். ஒரு தடவை தூக்க மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கனவில் அலறுகிறவரைத் தோளைத் தொட்டு உலுக்காதீர்கள். கட்டிலின் கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று, விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நீங்கள் யார், இது எந்த இடம் என்று சொல்லுங்கள். விழித்த பிறகு என்ன கனவு என்று குடைய வேண்டாம், தண்ணீர் கொடுத்தால் போதும்.

பின்பக்கமாக வராமல் அவர் கண்ணில் படும்படி வாருங்கள். கதவைப் பார்த்த நாற்காலி அவருக்கு வேண்டும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் என்ன நஷ்டம்? வருடத்தில் சில தேதிகளில் மட்டும் மோசமாகிறாரா என்று குறித்து வையுங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு சண்டையின் தேதியாக இருக்கும்.

பேச்சைத் தொடங்க விரும்பினால் "எத்தனை பேரைச் சுட்டீர்கள் தாத்தா" என்பது மிக மோசமான கேள்வி, பேரப்பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். "உங்களோடு இருந்தவர்களில் யார் ரொம்ப வேடிக்கையான ஆள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆட்களைப் பற்றிப் பேச அவர்களுக்குப் பிடிக்கும். அங்கிருந்து எதுவரை போவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

இரண்டு நிலைகளில் மட்டும் காத்திருக்கக்கூடாது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று குழம்பி, இல்லாத எதிரிகளைப் பார்த்து, நேரத்துக்கு நேரம் மாறிக்கொண்டிருந்தால், அது பழைய போரைவிட சிறுநீர்த் தொற்றாகவோ புது மருந்தின் விளைவாகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம். டெலிரியம் எனப்படும் இந்தத் திடீர்க் குழப்பத்துக்கு அன்றே ஆஸ்பத்திரி தேவை. இன்னொன்று, "நான் இருந்து என்ன" என்ற மாதிரிப் பேச்சு, பொருட்களைப் பிரித்துக் கொடுப்பது, கணக்கு வழக்குகளை அவசரமாக முடிப்பது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அன்றைக்கே வேறு இடத்துக்குப் போகட்டும், சேர்த்துவைத்த மாத்திரைகளையும் எடுத்துவிடுங்கள், அவரைத் தனியாக விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.